போலிக் கட்டைவிரல்: ஒரு மாயவித்தைக் கருவியும் அதன் பொருத்தமும்

தம்ப் டிப் என்பது கட்டைவிரலின் நுனியில் தொப்பி போல மாட்டிக்கொள்ளும் போலி விரல் நுனி. சிறிய பட்டுத்துணி, உப்பு, சிறிதளவு நீர், மடித்த ரூபாய் நோட்டு ஆகியவற்றை மறையச் செய்யவும் மீண்டும் தோன்றச் செய்யவும் மாயவித்தைக் கலைஞர்கள் இதைப் பயன்படுத்துகின்றனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மேற்கத்திய மேடை வித்தையில் வழக்கத்துக்கு வந்த இக்கருவி, இன்று வித்தை கற்கும் மாணவரின் முதல் பெட்டியிலும் தொழில்முறைக் கலைஞரின் சட்டைப் பையிலும் இருக்கிறது.

இதை வாங்கும் தமிழர் பலர் முதலில் அடைவது ஏமாற்றம். உறை ரோஜா நிறத்தில் இருக்கும், கை மாநிறத்திலோ கறுப்பாகவோ இருக்கும். விரலுக்குத் தொளதொளவென்று இருக்கும், அல்லது மாட்டினால் கழற்ற வராது. 'இது எப்படி யார் கண்ணுக்கும் தெரியாமல் இருக்கும்?' என்ற கேள்வி உடனே எழும். அதற்கான விடை கருவியில் பாதியும், கருவி வருவதற்கு முன்பே இருந்த வித்தை மரபில் பாதியுமாக இருக்கிறது. அந்த வரலாற்றையும், விரலுக்கும் உறைக்கும் இடையே உள்ள பொருத்தம் என்பது என்ன என்பதையும், இக்கருவி தமிழ்ச் சூழலில் பெற்ற சமூகப் பொருளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அமைப்பும் செயல்படும் முறையும்

தம்ப் டிப் உள்ளீடற்றது. மேற்புறத்தில் நகம் வார்க்கப்பட்டிருக்கும். கலைஞரின் விரல் உள்ளே முழுவதும் செல்லாது. விரல் நுனிக்கும் உறையின் முனைக்கும் இடையே ஒரு வெற்றிடம் இருக்கும். வித்தை நிகழ்வது அந்த வெற்றிடத்தில்தான்.

பட்டுத்துணியை மறைப்பதை எடுத்துக்கொள்ளலாம். கலைஞர் முதலில் இரு கைகளையும் வெறுமையாகக் காட்டுகிறார். அப்போது உறை வலது கட்டைவிரலில் இருக்கிறது. இடது கையை முட்டியாக மடக்கும்போது உறை அதற்குள் விடப்படுகிறது. முட்டியின் மேல்வாய் வழியாகத் துணியை விரல்களால் சிறிது சிறிதாகத் திணிக்கிறார். கடைசியில் வலது கட்டைவிரலால் ஓர் அழுத்து. விரல் வெளியே வரும்போது, துணி அடங்கிய உறையை மாட்டிக்கொண்டு வருகிறது. முட்டி திறக்கிறது, கை வெறுமையாக இருக்கிறது. பார்வையாளர் இடது கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் துணி வலது கையில், அவர்கள் கண்முன்னாலேயே இருக்கிறது.

இந்த விளக்கம் இரகசியத்தை உடைப்பதாகத் தோன்றலாம். ஆனால் தம்ப் டிப் விளையாட்டுப் பொருள் கடைகளில் விற்கப்படும் கருவி. அதன் இயக்கம் அச்சில் வந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன. அமெரிக்க மாயவித்தைக் கலைஞரும் வித்தை வரலாற்றாசிரியருமான மில்பர்ன் கிறிஸ்டபர் இந்த ஒரே கருவியால் செய்யக்கூடிய ஐம்பது வித்தைகளைத் தொகுத்து 1948இல் தனி நூலாகவே வெளியிட்டார். கருவியை அறிந்திருப்பதற்கும் அதைக் கையாள்வதற்கும் இடையிலுள்ள தொலைவே இக்கலையைக் காப்பாற்றி வருகிறது.

வெற்றுக் கையின் மரபு

தமிழில் வித்தைக்குப் பல பெயர்கள் உண்டு. இந்திரஜாலம், கண்கட்டு வித்தை, ஜாலவித்தை, மோடி வித்தை, செப்படி வித்தை என்பன அவற்றுட் சில. செப்படி வித்தை என்ற சொல், சிறு செப்புகளைக் கவிழ்த்து அவற்றின் அடியில் பந்துகளை மறைத்தும் மாற்றியும் காட்டும் பழைய வித்தையைக் குறிக்கும். இன்று எந்த ஏமாற்று வேலைக்கும் பொதுப்பெயராக வழங்கினாலும், அச்சொல்லுக்குள் ஒரு தொழிலின் கருவி இன்னும் இருக்கிறது.

இந்த வித்தைகள் நடந்த இடம் மேடை அன்று, தெரு. கோவில்பட்டிக்கு மேற்கே, முன்பு சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்த ஜமீன் ஊரான இளையரசனேந்தல் போன்ற கரிசல் ஊர்களை நினைத்துப் பார்த்தால் இதன் கடினம் புரியும். சந்தைத் திடல், கோயில் வாசல், வேப்பமரத்தடி எனக் கூட்டம் கூடும் வெளிதான் அரங்கு. திரை இல்லை, விளக்கு இல்லை, பின்பக்கம் என்ற ஒன்றும் இல்லை. கூட்டம் வட்டமாக நிற்கும். சிறுவர்கள் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்து கீழிருந்து மேலே பார்ப்பார்கள். நண்பகல் வெயிலில் நிழலுக்கு மறைவிடம் கிடையாது.

மேற்கத்திய மேடைக் கலைஞரின் நிலை வேறு. பிரெஞ்சுக் கலைஞர் ராபேர் ஊதேன் 19ஆம் நூற்றாண்டின் நடுவில், மந்திரவாதியின் நீண்ட அங்கியை விட்டு மாலைநேர விருந்து உடையில் மேடையேறினார். அந்த உடையை மற்றவர்களும் பின்பற்றினர். கோட்டின் வால்பகுதிப் பைகள், உட்பைகள், நீண்ட சட்டைக் கைகள் ஆகியவை மறைவிடங்களாக உதவின. எதிரே ஒரே திசையில் மட்டும் பார்வையாளர். அங்கே கலைஞர் கையில் ஒன்று காணாமற்போனால், 'சட்டைக் கைக்குள் போயிருக்கும்' என்பது கூட்டத்தின் முதல் சந்தேகம்.

நம் வித்தைக்காரருக்குச் சட்டைக் கையே இல்லை. மேலாடை இன்றியோ, கை தெரியும்படி துணியைச் சுற்றிக்கொண்டோ அவர் ஆடினார். அவருடைய மறைவிடங்கள் தோளில் தொங்கும் பை, தரையில் விரித்த துணி, கூடை, பிறகு தன் உள்ளங்கை. பிரிட்டிஷ் இராணுவ அதிகாரியும் மாயவித்தை ஆர்வலருமான எல். எச். பிரான்சன் 1922இல் எழுதிய 'இந்தியன் கான்ஜூரிங்' என்ற நூலில் தெரு வித்தைக்காரர்கள் காட்டிய செப்பும் பந்தும், கூடை வித்தை, மாமரம் வளர்க்கும் வித்தை ஆகியவற்றை ஒவ்வொன்றாக விவரித்தார். இந்திய வித்தை பற்றி ஐரோப்பாவில் நிலவிய மிகைக் கதைகளை மறுப்பது அவர் நோக்கமாக இருந்தது. அவர் பார்வையில் ஐரோப்பிய மேன்மை பற்றிய நம்பிக்கை வெளிப்படையாகவே இருந்தாலும், அவர் பட்டியலிட்ட வித்தைகள் ஓர் உண்மையைக் காட்டுகின்றன. அவை துணி, பை, கூடை, விரல் ஆகியவற்றைக் கொண்டு, சுற்றி நிற்கும் கூட்டத்தின் நடுவில் செய்யப்பட்டவை. பேச்சு, உடுக்கை ஒலி, உதவிக்கு வரும் சிறுவனுடன் நடக்கும் கேள்வி பதில் ஆகியவை கூட்டத்தின் கண்ணை வேண்டிய இடத்தில் நிறுத்தின.

இந்தக் கைத்திறன் கடல் கடந்தும் அறியப்பட்டது. 1813இல் இந்திய வித்தைக்காரர் குழு ஒன்று லண்டனில் நிகழ்ச்சி நடத்தியது. வில்லியம் ஹாஸ்லிட் என்ற ஆங்கிலக் கட்டுரையாளர், நான்கு பித்தளைப் பந்துகளை ஒரே நேரத்தில் காற்றில் நிறுத்தி ஆடும் இந்தியக் கலைஞரைப் பற்றி எழுதிய கட்டுரை 1821இல் நூலில் இடம்பெற்றது. அக்காலத்தில் இங்கிலாந்தில் பெரும் புகழ்பெற்ற இந்திய வித்தைக்காரர் 'ராமோ சாமி' என்று விளம்பரங்கள் எழுதிய ராமசாமி. செப்பும் பந்தும், வாள் விழுங்குதல், வாய்க்குள்ளேயே மணிகளைக் கோத்து எடுத்தல் ஆகியவை அவர் காட்டியவை. அமெரிக்காவிலும் அவர் நிகழ்ச்சிகள் நடத்தினார். 1850இல் லண்டனில் வறுமையில் இறந்தார். அவர் கையில் போலி விரல் எதுவும் இருக்கவில்லை. அன்று அப்படி ஒரு கருவி வழக்கத்தில் இல்லை.

உடலோடு பொருந்திய கருவி: சென்னை முன்னோடி

கருவி உடலின் பகுதியாகவே மாறி மறைந்துகொள்வது என்ற கருத்து தம்ப் டிப்புக்கு முந்தியது. அதன் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று சென்னையைச் சேர்ந்தது. 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னையில் ஒரு பிராமணர் தரையிலிருந்து சில அடி உயரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து காட்டினார். ஆங்கில இதழ்கள் அவர் பெயரைச் சேஷால் என்று எழுதின. ஒரு முக்காலியில் செங்குத்தாக நின்ற கோல், அதன் மேல்முனையிலிருந்து நீண்ட மான்தோல் சுருள், அந்தச் சுருளின் மேல் மெல்ல வைத்த ஒரு கை. இவ்வளவே கண்ணுக்குத் தெரிந்த ஆதாரம். ஏறும்போதும் இறங்கும்போதும் உதவியாளர்கள் போர்வையால் மறைத்தனர். லண்டனின் 'சாட்டர்டே மேகசின்' 1832இல் இக்காட்சியைப் படத்துடன் வெளியிட்டது.

கோலுக்குள்ளும் தோலுக்குள்ளும் மறைந்த இரும்புத் தண்டு, சட்டைக் கை வழியாக உடலுக்குச் சென்று ஆடைக்கு அடியில் ஓர் இருக்கையாக முடிகிறது என்பதே பின்னர் ஏற்கப்பட்ட விளக்கம். ராபேர் ஊதேன் 1847இல் பாரிஸில் தம் மகனை ஒரு கோலின் மேல் முழங்கையை ஊன்றிக் கிடையாக மிதக்கவைத்த காட்சியும் இத்தகைய மறைந்த தாங்கியை நம்பியதே.

சேஷாலின் இரும்பு இருக்கையும் தம்ப் டிப்பும் அளவில் வேறுபட்டாலும் ஒரே விதிக்கு உட்பட்டவை. கருவி உடலின் கோட்டைப் பின்பற்ற வேண்டும். உடல், கருவி இல்லாதபோது எவ்வளவு இயல்பாக இருக்குமோ அவ்வளவு இயல்பாகக் கருவியோடும் இருக்க வேண்டும். இரும்பு இருக்கை எவ்வளவு கச்சிதமாக வார்க்கப்பட்டிருந்தாலும், அதில் உட்கார்ந்தவர் முகம் சுளித்தால் வித்தை கெட்டுவிடும். அமைதியாகச் சுருளின் மேல் கிடந்த அந்தக் கைதான் பார்த்தவர்களை நம்பவைத்தது.

தம்ப் டிப்பின் பொருள் மாற்றங்கள்

தொடக்ககாலத் தம்ப் டிப்புகள் மெல்லிய உலோகத் தகட்டால் ஆனவை. மேலே தோலின் நிறத்தில் எண்ணெய் வண்ணம் பூசப்பட்டது. உலோகம் நீடித்து உழைத்தது. எரியும் சிகரெட்டை முட்டிக்குள் மறைக்கும் வித்தைக்கு உலோக உறைதான் தேவைப்பட்டது. ஆனால் அதில் மூன்று குறைகள் இருந்தன. மோதிரத்திலோ நாணயத்திலோ பட்டால் ஓசை எழும். வண்ணம் உதிரும். விரலின் வடிவத்துக்கு வளைந்து கொடுக்காது.

அடுத்து செல்லுலாய்டு உறைகள் வந்தன. எடை குறைந்தது, ஓசை போனது. ஆனால் செல்லுலாய்டு எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் நெருப்பு வித்தைக்கு அது உதவவில்லை. பின்னர் நெகிழி உறைகள் பரவின. மென்மையான வினைல் உறைகளே இன்று பெரும்பாலும் பயன்பாட்டில் உள்ளன. அர்ஜென்டினாவின் வெர்னெட் நிறுவனத்தின் மென் உறைகள் உலக அளவில் அறியப்பட்டவை. மென்மையான உறையைச் சற்று அமுக்கினால் வாய் விரியும், விட்டால் பழைய வடிவுக்கு வரும். விரலுக்கேற்பக் கருவி மாறும் நிலை இதனால் வந்தது.

1970களில் ஒரு ரூபாய்த்தாளை மடித்து விரித்ததும் வேறு மதிப்புள்ள தாளாக மாற்றிக்காட்டும் வித்தை மேற்கு நாடுகளில் பரவியது. 1990களில் விரல் நுனியில் சிவப்பு விளக்கு எரிந்து கைக்குக் கை தாவும் வித்தை புகழ்பெற்றது. விளக்கு, மின்கலம் இரண்டையும் போலி நுனிக்குள் அடக்கிய கருவி அது. ஒரு நூற்றாண்டில் உறைக்குள் வைக்கும் பொருள் மாறியது, உறை செய்யும் பொருளும் மாறியது. விரலின் வேலை மட்டும் மாறவில்லை.

பொருத்தம்: அளவு

வித்தை கற்பவர்கள் பொதுவாகச் செய்யும் தவறு, கையுறை போல ஒட்டிப் பொருந்தும் உறையைத் தேடுவது. அப்படிப் பொருந்தினால் உள்ளே வெற்றிடம் இருக்காது. வெற்றிடம் இல்லாத உறையால் எதையும் மறைக்க முடியாது. ஆகவே நல்ல தம்ப் டிப் என்பது வாய்ப்பகுதியில் பொருந்தி, முனைப்பகுதியில் பொருந்தாமல் இருப்பது.

வாய்ப்பகுதி நகத்தைக் கடந்து, முதல் மூட்டை ஒட்டி நிற்க வேண்டும். மூட்டை மூடி மிகவும் கீழே இறங்கினால் கட்டைவிரல் மடங்காமல் விறைத்து நிற்கும். அந்த விறைப்பு நிற வேறுபாட்டைவிட விரைவாகக் கண்ணில் படும். கையைக் கீழ்நோக்கி அசைத்தால் உறை விழக்கூடாது. மற்றொரு கையின் விரல்கள் மெல்லப் பிடித்தால் உடனே கழல வேண்டும். இவ்விரண்டு சோதனைகளிலும் தேறுவதே சரியான அளவு.

உறை இறுகினால் உள்ளே சிக்கிய காற்று விரலைப் பிடித்து இழுக்கும். கழற்றும் நொடியில் ஒரு சிறு தடை, சில நேரம் ஓசையும் வரும். வினைல் உறையின் விளிம்பைக் கத்தரியால் மிகச் சிறிதளவு நறுக்கி இதைச் சரிசெய்வார்கள். நறுக்கிய விளிம்பை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து மெல்லியதாக்குவதும் உண்டு. தடித்த விளிம்பு தோலின் மேல் நிழற்கோடு போடும், மெல்லிய விளிம்பு போடாது. உறை தளர்ந்தால் உட்புறத்தில் சிறு துண்டு ஒட்டுத்துணியோ மெல்லிய பஞ்சுப்பட்டையோ ஒட்டுவார்கள். உலோக உறை என்றால் வாயை இலேசாக அமுக்கி நீள்வட்டமாக்கினால் பிடி கிடைக்கும். கட்டைவிரலின் குறுக்கு வடிவம் வட்டமன்று என்பதால் இந்தச் சிறு திருத்தம் பயன் தருகிறது.

நம் வெப்பநிலையில் வேர்வை ஒரு தனிச் சிக்கல். ஈரமான விரலில் உறை வழுக்கும், அல்லது ஒட்டிக்கொள்ளும். விரலைத் துடைத்து, சிறிதளவு முகப்பவுடர் தடவிக்கொள்வது எளிய தீர்வு. வெயிலில் விரல் சற்று வீங்குவதால், காலையில் சரியாக இருந்த உறை பிற்பகல் நிகழ்ச்சியில் இறுகக்கூடும். ஒரே அளவை நம்பாமல் இரண்டு அளவுகளை வைத்துக்கொள்வது இதனால்தான்.

பொருத்தம்: நிறம்

நிறச் சிக்கலுக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. இக்கருவி ஐரோப்பிய, அமெரிக்கக் கலைஞர்களுக்காகச் செய்யப்பட்டது. 'தோல் நிறம்' என்று பெட்டியில் எழுதப்பட்டது அவர்களுடைய தோலின் நிறம். நீண்ட காலம் இந்தியக் கலைஞர்கள் அந்த ரோஜா நிற உறையை வாங்கி, தாமே வண்ணம் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. இன்று பல நிறங்களில் உறைகள் கிடைக்கின்றன.

ஆனாலும் நிறத்தை முழுமையாகப் பொருத்துவது கடினம். மாநிறக் கையிலும் கறுத்த கையிலும் புறங்கைக்கும் உள்ளங்கைக்கும் நிறம் வேறு. கட்டைவிரலின் மேற்புறம் கறுத்தும் ரேகைப்புறம் வெளுத்தும் இருக்கும், நகம் இன்னொரு நிறம். ஒரே வண்ணத்தில் வார்த்த உறை இவற்றுள் ஒன்றோடு மட்டுமே பொருந்தும். எனவே, பார்வையாளருக்கு அதிகம் தெரியப்போகும் பக்கம் எது என்று முடிவுசெய்து அதற்கேற்ப நிறத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

வண்ணம் தீட்டுவதிலும் சிக்கல் உண்டு. மென்மையான வினைல் வளையும்போது சாதாரண வண்ணம் வெடித்து உரியும். நாடக ஒப்பனைப் பூச்சு நன்றாகப் பொருந்தும், ஆனால் வெள்ளைப் பட்டுத்துணியில் கறையாக ஒட்டிக்கொள்ளும். பளபளப்பு நிறத்தைவிடப் பெரிய எதிரி. புது உறையின் மினுமினுப்பை உப்புத்தாளால் தேய்த்து மங்கச்செய்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஒளியையும் கணக்கிட வேண்டும். வெள்ளைக் குழல்விளக்கின் கீழ் ரோஜா நிற உறை தனித்துத் தெரியும். மஞ்சள் விளக்கில் அந்த வேறுபாடு குறையும்.

இவ்வளவுக்குப் பிறகும் அனுபவமுள்ள கலைஞர்கள் ஒரே அறிவுரையில் வந்து நிற்கின்றனர். நிறம் உதவும், ஆனால் காப்பாற்றாது. காப்பாற்றுவது விரல் நிற்கும் கோணம். கட்டைவிரல் நுனி நேராகப் பார்வையாளரை நோக்கியிருந்தால் அவர்களுக்கு உறையின் நீளமோ விளிம்போ தெரியாது, ஒரு சிறு வட்டம் மட்டுமே தெரியும். மற்ற விரல்கள் இயல்பாக மடங்கியிருந்தால் விளிம்பு அவற்றின் பின்னால் போய்விடும். கை இலேசான அசைவிலேயே இருந்தால் கண் ஓரிடத்தில் நிலைக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, கலைஞர் தம் கட்டைவிரலைத் தாமே பார்க்கக்கூடாது. அவர் பார்க்கும் இடத்தைத்தான் கூட்டமும் பார்க்கும்.

உளவியல் ஆய்வு இதற்கு ஒத்த ஒரு முடிவைப் பின்னர் தந்தது. டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டபர் சாப்ரிஸ் ஆகிய இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், பந்தை எத்தனை முறை கைமாற்றுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், காட்சியின் நடுவே நடந்துசென்ற கொரில்லா வேடமிட்டவரைக் கவனிக்கவில்லை. கண் திறந்திருந்தும் கவனம் வேறிடத்தில் இருந்தால் காணாமற்போவது இயல்பு. உடுக்கை அடித்துப் பேசிக்கொண்டே செப்பைக் கவிழ்த்த தெரு வித்தைக்காரர் இந்தப் பாடத்தைத் தொழிலாகவே வைத்திருந்தார். தம்ப் டிப் வெளிநாட்டிலிருந்து வந்தது. அதை மறைக்கும் கலை இங்கே முன்பே இருந்தது. சட்டைக் கையை நம்பாத கருவி என்பதால், வெற்றுக் கையோடு ஆடும் மரபுக்கு அது நன்றாகவே ஒத்துப்போனது.

வித்தையா, அற்புதமா?

இந்தியச் சூழலில் இக்கருவிக்கு மேடைக்கு வெளியேயும் ஒரு வாழ்க்கை உண்டு. வெறுங்கையிலிருந்து திருநீறு, குங்குமம் வரவழைப்பதைத் தெய்வசக்தி என்று காட்டுபவர்கள் பலர். வித்தைக்காரர் காட்டினால் கைதட்டும் கூட்டம், அதே செயலைச் சாமியார் காட்டினால் காலில் விழுகிறது. காணிக்கை கொடுப்பதோடு நிற்காமல், நோய்க்கு மருத்துவரிடம் போவதையும் நிறுத்திவிடுகிறது. மந்திரத்தால் நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954இல் இந்திய அரசு ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. ஆகவே கட்டைவிரல் நுனியில் என்ன இருக்கிறது என்பது வேடிக்கைக் கேள்வியாக மட்டும் இருக்கவில்லை.

இதை மக்கள் முன் கொண்டுசென்றவர்களில் முன்னோடி ஆபிரகாம் கோவூர். 1898இல் கேரளத்தின் திருவல்லாவில் பிறந்த அவர், 1928இல் இலங்கை சென்று யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார். ஓய்வுக்குப் பிறகு, ஏமாற்ற வழியில்லாத சூழலில் அற்புதம் செய்துகாட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். அவர் தந்த 23 செயல்களின் பட்டியலில், ஒரு ரூபாய்த்தாளின் சரியான மறுபடியை உருவாக்கிக் காட்டுவதும் ஒன்று. மடித்த தாளைப் போலி விரலுக்குள் வைத்து மாற்றத் தெரிந்தவருக்கு இந்த நிபந்தனையின் கூர்மை புரியும். கையிலிருப்பதை மாற்றுவது வித்தை, இல்லாததைப் படைப்பது அற்புதம். 1978இல் கோவூர் இறக்கும்வரை பரிசை வென்றவர் எவரும் இல்லை.

அவருக்குப் பின் அந்த அறைகூவலைத் தொடர்ந்தவர் பி. பிரேமானந்த். 1930இல் கோழிக்கோட்டில் பிறந்த இவர் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் வாழ்ந்து, 2009இல் அங்கேயே மறைந்தார். மாயவித்தையைப் பயின்றிருந்த இவர் ஊர் ஊராகச் சென்று சாமியார்களின் அற்புதங்களைச் செய்துகாட்டி, உடனே அவற்றின் முறையையும் விளக்கினார். 1988 முதல் 'இந்தியன் ஸ்கெப்டிக்' என்ற ஆங்கில இதழை நடத்தினார். திருநீற்று வித்தைக்கு இவர் தந்த விளக்கம் கவனத்துக்குரியது. சாம்பலைக் கஞ்சி நீரில் பிசைந்து சிறு வில்லைகளாக உலர்த்தி, விரல்களின் இடுக்கில் மறைத்துக்கொண்டு, வேண்டியபோது நொறுக்கினால் கையிலிருந்து திருநீறு கொட்டும். இதற்கு வாங்கிய கருவிகூடத் தேவையில்லை. செப்படி வித்தைக்காரரின் பழைய விரலிடுக்கே போதும்.

தமிழ்நாட்டில் திராவிடர் கழகம் 'மந்திரமா? தந்திரமா?' என்ற பெயரில் இத்தகைய செயல்விளக்கங்களைப் பொதுக்கூட்டங்களில் நடத்திவந்திருக்கிறது. 1976இல் நாற்பத்திரண்டாம் திருத்தத்தின்வழி அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக அரசியலமைப்பில் சேர்ந்தது. 1987இல் நாடெங்கும் நடந்த அறிவியல் கலைப்பயணத்தையும் அதைத் தொடர்ந்த அறிவியல் இயக்க முயற்சிகளையும் ஒட்டி, 'அற்புதங்களை' விளக்கிக்காட்டும் நிகழ்ச்சிகள் பள்ளிகளுக்கும் கிராமங்களுக்கும் சென்றன. பத்திரத்திலும் பதிவேட்டிலும் கட்டைவிரல் ரேகையைத் தந்து பழகிய மக்களிடம், கையெழுத்தும் அறிவியலும் சேர்ந்தே சென்றன. 'இது என் விரல்' என்பதற்குச் சான்றாக இருந்த உறுப்பே பொய்யாகவும் இருக்கக்கூடும் என்பதை இத்தகைய நிகழ்ச்சிகள் சிரிக்கச் சிரிக்க உணர்த்தின.

இரகசியத்தின் எல்லை

கலைஞருக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. முறையை வெளியிட்டால் தொழில் என்ன ஆகும்? 1997இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முகமூடி அணிந்த ஒருவர் மேடை வித்தைகளின் இரகசியங்களைத் தொடர்ந்து வெளியிட்டபோது மாயவித்தைக் கலைஞர்கள் கடுமையாக எதிர்த்தனர். வேடிக்கைக்காக இரகசியத்தை விற்பது கலையைக் கெடுக்கும் என்பது அவர்கள் வாதம். கோவூரும் பிரேமானந்தும் செய்தது அதிலிருந்து வேறுபட்டது. கலைஞர் 'நான் உங்களை ஏமாற்றப்போகிறேன்' என்று முன்பே சொல்லிவிடுகிறார், பார்வையாளரும் அதற்கு இசைந்தே அமர்கிறார். இந்த ஒப்பந்தத்தை மறைத்து அதே கருவியை நம்பிக்கைக்கு விலையாக்கும்போதுதான் அவர்கள் தலையிட்டனர். பிரேமானந்த் தாமே வித்தையைக் காட்டி மக்களை மகிழ்வித்த பிறகே விளக்கம் சொன்னார் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

இன்று சிறுவர்களுக்கான வித்தைப் பெட்டிகளிலும் போலிக் கட்டைவிரல் இருக்கிறது. அதை மாட்டிப் பார்க்கும் மாணவர் முதலில் கண்ணாடி முன் நின்று தம் விரலையே உற்றுப் பார்ப்பார், நிறம் பொருந்தவில்லை என்று வருந்துவார். சில நாள் பயிற்சிக்குப் பிறகு பார்வையை விரலிலிருந்து எடுத்துவிட்டு, முட்டியை நோக்கிப் பேசத் தொடங்குவார். உறையின் வாய் விரலைப் பிடிக்கும் அளவும், முனையில் பொருள் அடங்கும் இடமும், கையின் இயல்பான அசைவும் ஒன்றுசேரும் அந்த நிலையையே கலைஞர்கள் பொருத்தம் என்கின்றனர். ரோஜா நிற உறை அந்த மாணவர் கையில் அப்போதும் ரோஜா நிறமாகத்தான் இருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் அதைப் பார்க்கமாட்டார்கள்.